எந்தக் கடல், அத்தை?

போன பொங்கலுக்குத் திருச்சியிலிருந்து அண்ணன் குடும்பம் ஊருக்கு வந்திருந்தது. காணும் பொங்கலன்று வெயில் தாழ்ந்ததும் அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு, பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கும் காரை என்ற ஊர்ப் பக்கம் போனேன். ஒன்பதாவது படிக்கிறான். அந்த நிலத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மழை அரித்து அரித்து மண் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும். புல் பூண்டு அதிகம் முளைக்காது. சாம்பல் களிமண்ணுக்கு நடுவே ஜிப்சம் தகடுகள் சாய்வெயிலில் கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னும். துப்பாக்கித் தோட்டா வடிவத்தில் பெலம்னைட் கற்கள், கணவாய்க்கு உறவான பழைய கடல் உயிரின் படிவங்கள், காலில் இடறும்.

அதில் ஒன்றைக் குனிந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன் கேட்டான்.

"இங்க கடல் இருந்துச்சுன்னு எல்லாருந்தான் சொல்றாங்க. எந்தக் கடல், அத்தை?"

"எந்தக் கடல்னா?"

"வங்காள விரிகுடாவா? இந்தியப் பெருங்கடலா? இல்ல வேற ஏதாவதா?"

இருபத்தெட்டு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்தியவள் நான். நிலவியல் படித்துவிட்டு ஆசிரியர் வேலைக்கு வந்தவள். சாத்தனூர் கல்மரத்துக்கு எத்தனையோ முறை பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்துப் போயிருக்கிறேன். 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் அந்த மரத்தின் முன் நின்று, "ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது" என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அதோடு பாடம் முடிந்துவிடும். எந்தக் கடல் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. அன்றைக்கு இருட்டும் வரை அங்கேயே உட்கார்ந்து அவனுக்குச் சொன்னதையும், நேரம் போதாமல் விட்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தக் கற்களோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது அப்பாயியால். அவள் பிறந்த ஊர் கருடமங்கலம். அங்கே கிடைக்கும் ஒருவகைச் சுண்ணாம்புக்கல்லை வெட்டி மெருகேற்றினால் உள்ளே இருக்கும் சிப்பியும் நத்தையும் பூப்போட்ட மாதிரித் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் அதற்குத் திருச்சினாப்பள்ளி மார்பிள் என்று பெயர். காகிதம் பறக்காமல் இருக்க மேஜையில் வைக்கும் கல் வரை செய்தார்கள். அப்பாயிக்கு அதெல்லாம் தெரியாது. ஆடு மேய்க்கப் போன இடத்தில் கல்லிலிருந்து தானே கழன்று விழுந்த ஒரு நத்தையைச் சின்ன வயதில் எடுத்து வைத்திருந்தாள். கல்யாணமாகி வரும்போது புடவை மடிப்பில் அதுவும் வந்திருக்கிறது. சுண்டுவிரல் நீளம், திருகாணி மாதிரிச் சுற்றிச் சுற்றிக் கூராகிக்கொண்டே போகும். நுனி மட்டும் உடைந்திருக்கிறது. எனக்கு ஆறு வயதில் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது, அழாமல் கஞ்சி குடித்ததற்காக என் கையில் கொடுத்தாள்.

"கல்லுக்குள்ள நத்தை தூங்குது, ஆயி. கீழ போட்டுடாத."

அந்த நத்தையின் உடம்பில் ஊசிமுனையைவிடக் கொஞ்சம் பெரிதாக, வட்டமாக, சுத்தமாக ஒரு துளை. யாரோ கோப்பதற்காகப் போட்ட ஓட்டை என்று நினைத்து, நூல் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஒரு வருடம் திரிந்தேன். கல்லூரியில் மூன்றாம் ஆண்டில்தான் தெரிந்தது. கடலில் வேட்டையாடும் நத்தை இனம் ஒன்று இருக்கிறது. இரையைத் தன் பாதத்தால் கட்டிப் பிடித்துக்கொண்டு, அமிலம் சுரந்து, அரம் போன்ற நாக்கால் மணிக்கணக்கில் சுரண்டி, வெளிவாய் அகன்று உள்வாய் குறுகிய துளை போட்டு, உள்ளிருப்பதை உறிஞ்சிவிடும். என் கழுத்தில் தொங்கியது அப்படிச் செத்த ஒன்று. அன்று விடுதி அறையில் அந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட உயிருக்கு நடந்தது என் கையில் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு திருத்தம். எங்கள் பக்கத்தில் சுருண்ட கல் எதைப் பார்த்தாலும் நத்தை என்பார்கள். காரையில் அதிகம் கிடைக்கும் பெரிய சுருள், சாலிகிராமம் போல இருப்பது, அம்மோனைட். அது நத்தையே இல்லை. கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவு. உடைத்துப் பார்த்தால் உள்ளே அறை அறையாகத் தடுப்புகள் இருக்கும். நத்தையின் ஓட்டுக்குள் தடுப்பு இருக்காது, கோயில் கோபுரப் படிக்கட்டு போல ஒரே வழியாகச் சுற்றி மேலே போகும். பேர் எதுவானால் என்ன என்று கேட்கலாம். எந்தக் கடல் என்ற கேள்விக்கு இது ரொம்ப முக்கியம். அம்மோனைட் நீந்தக்கூடியது. செத்த பிறகும் அதன் ஓடு காற்றடைத்த குடம் போல மிதந்து எங்கெங்கோ போய் ஒதுங்கலாம். அதனால் ஒரு பாறையின் வயதைச் சொல்ல அதைப் போலச் சாட்சி கிடையாது. ஆனால் இடத்தைக் கேட்டால் நத்தையைத்தான் கேட்க வேண்டும். தரையை விட்டு எழாத உயிர் அது. செத்தாலும் பெரும்பாலும் அங்கேயே புதையும்.

அப்படியானால் நத்தை இனம் ஒன்று எப்படி ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குப் பரவுகிறது? குழந்தையாக இருக்கும்போது. முட்டையிலிருந்து வரும் லார்வா கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. இரண்டு மடல்களை விரித்து, அவற்றின் ஓரத்து மயிரிழைகளை அசைத்து நீந்தும். நீரோட்டம் போகும் பக்கம் போகும். சில வாரம் மட்டும் நீந்தும் இனம் உண்டு. பல மாதம் தாக்குப் பிடிக்கும் இனமும் உண்டு. ருடால்ஃப் ஷெல்டெமா என்ற அமெரிக்க உயிரியலாளர் அட்லாண்டிக்கின் நடுவில் வலை போட்டு இப்படிப்பட்ட லார்வாக்களைப் பிடித்து, சில இனங்கள் அந்தப் பெருங்கடலையே தாண்டும் அளவுக்கு உயிரோடு மிதக்கும் என்று 1970-களின் தொடக்கத்தில் எழுதினார்.

எல்லா நத்தையும் அப்படி இல்லை. நம் கோயில்களில் ஊதும் வெண்சங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடிக் கடலில் தாய்ச்சங்கு ஆட்டுக்கொம்பு போல முறுக்கிய முட்டைக்கூட்டை மணலில் ஊன்றிவிட்டுப் போகும். குஞ்சுகள் உள்ளேயே வளர்ந்து, ஓட்டோடு, ஊர்ந்துதான் வெளியே வரும். நீந்தும் பருவமே கிடையாது. அதனால் அந்தச் சங்கு இந்தியா, இலங்கைக் கடல்களை ஒட்டியே இருக்கிறது. ஆப்பிரிக்கக் கரைக்குப் போய்க் குடியேற அதற்கு வழி இல்லை.

இதில் என்னை எப்போதும் நெகிழ வைப்பது ஒன்று உண்டு. நத்தை தன் குழந்தைப் பருவத்தைத் தூக்கி எறிவதில்லை. லார்வாவாக இருந்தபோது கட்டிய முதல் ஓடுதான் சங்கின் உச்சி நுனி. அதன்மேல் சுற்றுச் சுற்றாகக் கட்டிக்கொண்டே வளர்கிறது. நுனி உடையாத ஒரு புதைபடிவம் கிடைத்தால், லென்ஸில் வைத்து நுனியைப் பார்த்தாலே போதும். மெல்லிய சின்னச் சுற்றுகள் பல இருந்தால், அது மிதந்து தின்று ஊர் சுற்றிய பிள்ளை. பருத்த மொட்டு போல ஒன்றிரண்டு சுற்று மட்டும் இருந்தால், முட்டையிலேயே சத்தெல்லாம் வைத்திருந்து வீட்டைவிட்டு வெகுதூரம் போகாத பிள்ளை. டேவிட் ஜப்லோன்ஸ்கி போன்றவர்கள் அமெரிக்க வளைகுடாக் கரையில், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்து நத்தைகளில் இதைப் பார்த்து, நீந்திய இனங்கள் அகலப் பரவின, அதிக காலமும் நிலைத்தன என்று காட்டினார்கள். என் அப்பாயியின் நத்தைக்கு நுனி இல்லை என்று முன்பே சொன்னேன் அல்லவா? அந்த ஒரு குறை எனக்கு இன்றும் உண்டு.

அண்ணன் மகனுக்கு இதைப் புரியவைக்க நான் சொன்னது கல்யாண உறவு. அப்பாயி பெண் பார்க்கும் பேச்சு வந்தாலே முதலில், "கொள்ளிடத்துக்கு அந்தண்டையா, இந்தண்டையா?" என்று கேட்பாள். எங்கள் குடும்பத்தில் அவள் காலம் வரை கொள்ளிடத்துக்குத் தெற்கே பெண் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை. வடக்கே அறுபது எழுபது கிலோமீட்டர் தாண்டி விருத்தாசலத்தில் சொந்தம் இருக்கும். தெற்கே ஆற்றைத் தாண்டி அடுத்த ஊரில் யாரையும் தெரியாது. எந்த வரைபடமும் இல்லாமல், யார் வீட்டில் யார் சம்பந்தி என்ற கணக்கை மட்டும் வைத்துக்கொண்டே நடுவில் பெரிய ஆறு ஒன்று ஓடியது என்று ஒருவர் கண்டுபிடித்துவிடலாம். புதைபடிவ நத்தைகளை வைத்துப் பழைய கடலை வரைவதும் இதே வேலை. எங்கெல்லாம் ஒரே இனம் இருக்கிறதோ அங்கெல்லாம் போக்குவரத்து இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் உறவே இல்லை என்றால் நடுவில் ஏதோ மறித்தது. நத்தைக்கு மறிப்பது நிலம்; சில நேரம் குளிர்ந்த நீர் அல்லது பேராழம்.

இந்தக் கணக்கை எங்கள் ஊர்க் கற்களில் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. 1840-களின் தொடக்கத்தில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரிப் பக்கத்திலும் விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளிலும் சேர்த்த புதைபடிவங்கள் லண்டனுக்குப் போயின. அவற்றை ஆராய்ந்து 1846-இல் எழுதியவர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் ஏஜியன் கடலில் வலை இழுத்து, எந்த ஆழத்தில் எந்தச் சிப்பி, எந்த நத்தை என்று கணக்கெடுத்துவிட்டு வந்திருந்தார். உயிருள்ள நத்தைகள் எங்கே வாழ்கின்றன என்று தெரிந்த ஒருவர் கையில் எங்கள் ஊர் நத்தைகள் போய்ச் சேர்ந்தது நல்ல வாய்ப்பு. 1850-களின் இறுதியில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்த வட்டாரம் முழுக்க அளந்து, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். இன்றும் புவியியல் மாணவர்கள் அந்தப் பெயர்களில்தான் படிக்கிறார்கள்.

அந்தச் சேகரம் முழுவதையும் இனம் இனமாகப் பிரித்து எழுதியவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் பிறந்து, 1862-இல் கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்தவர். தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிர்கள் பற்றிய அவருடைய பெருநூலில் நத்தைகளுக்கென்றே ஒரு தொகுதி, 1867–68-இல் வெளிவந்தது. அந்த ஓவியத் தகடுகளைக் கல்லூரி நூலகத்தில் முதல்முறை விரித்தபோது, அப்பாயி கொடுத்த நத்தைக்கு அண்ணன் தம்பிகளெல்லாம் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொன்றின் கீழும் எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் கோணலாக. எனக்கு அழுகை வந்துவிட்டது. நூலகர் தண்ணீர் கொடுத்தார். ஸ்டோலிச்கா 1874-இல் யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் முர்கோவில், மலையுச்சிக் காற்றுப் போதாமல் இறந்தார். வயது 36. கல்லறை லேயில் இருக்கிறது. ஒருமுறை போய் நிற்க வேண்டும் என்று ஆசை.

இனி உறவுக் கணக்குக்கு வருகிறேன். ஸ்டோலிச்காவின் பட்டியல் கையில் இருந்ததால் மற்ற இடங்களோடு ஒப்பிட முடிந்தது. பிளான்ஃபோர்ட் 1875-இல் ஒரு கட்டுரை எழுதினார். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், அன்று நேட்டால் என்று அழைத்த பகுதியின் எல்லையில், கிரெட்டேசியஸ் கால மெல்லுடலிகளும் கடல் முள்ளெலிகளும் சேகரிக்கப்பட்டிருந்தன. இனம் அடையாளம் கண்டவை 35. அவற்றில் 22 தென்னிந்தியாவில் கிடைக்கும் அதே இனங்கள். பெரும்பாலானவை திருச்சிப் பகுதியைச் சேர்ந்தவை. இன்றைய வரைபடத்தில் அந்தக் கரைக்கும் எங்கள் ஊருக்கும் ஏறக்குறைய 7000 கிலோமீட்டர். மேகாலயாவின் காசி மலை அடிவாரத்துச் சிப்பிகளும் எங்கள் சொந்தக்காரர்கள்தான்.

ஆனால் மத்தியப் பிரதேசத்தில் நர்மதைப் பள்ளத்தாக்கில் பாக் என்ற ஊர் இருக்கிறது. குகை ஓவியங்களுக்குப் பேர்போன அதே பாக். அங்கும் கிரெட்டேசியஸ் கடல் வந்து போன தடம் உண்டு. அரியலூரிலிருந்து 1300 கிலோமீட்டர்தான். அந்த உயிர்களுக்கு அரேபியாவிலும் ஐரோப்பாவிலும் உறவு இருக்கிறது. எங்களோடு பெரிதாக இல்லை. ஆப்பிரிக்காவில் பங்காளி, சொந்த நாட்டுக்குள் அந்நியர். பிளான்ஃபோர்ட் கொள்ளிடத்தைத் தேடினார். இந்தியாவிலிருந்து மடகாஸ்கர் வழியாகத் தென்னாப்பிரிக்கா வரை நீண்ட பெருநிலம் ஒன்று இருந்திருக்க வேண்டும், அதன் தெற்குக் கரையில் ஒரு கடலும் வடக்குக் கரையில் இன்னொரு கடலும் மோதியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். அந்த நிலம் பிறகு இந்தியப் பெருங்கடலில் மூழ்கிவிட்டது என்பது அன்றைய அறிஞர்கள் பலருடைய எண்ணம்.

இங்கேதான் இந்தக் கதை நம் வீட்டுக்குள் வருகிறது. விலங்கியலாளர் ஸ்க்லேட்டர் 1864-இல், மடகாஸ்கரில் இருக்கும் லெமூர்களையும் இந்தியாவில் இருக்கும் அவற்றின் உறவினங்களையும் வைத்து, மூழ்கிய கண்டம் ஒன்றுக்கு லெமூரியா என்று பெயர் வைத்திருந்தார். அந்தக் கண்டத்துக்குப் புவியியல் பக்கத்திலிருந்து வந்த வலுவான சாட்சிகளில் எங்கள் அரியலூர்ச் சிப்பியும் நத்தையும் உண்டு. பிறகு அந்தப் பெயர் தமிழில் எவ்வளவு தூரம் போனது என்று உங்களுக்கே தெரியும். என் தமிழாசிரியர் லெமூரியா பற்றிச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை குறையவில்லை. பழைய இலக்கியத்தில் வரும் கடல்கோள் நினைவு மனிதர்கள் பார்த்த கடலைப் பற்றியது. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். நான் சொல்லும் கடலைப் பார்க்க மனிதனே பிறக்கவில்லை. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது நாம்.

நத்தைகள் சொன்ன சாட்சி பொய்யாகவில்லை. நடுவில் நிலம் இருந்தது உண்மை. ஆனால் அது மூழ்கவில்லை, நகர்ந்துவிட்டது. கண்டத் தட்டுகள் நகர்கின்றன என்பது 1960-களில் உறுதியான பிறகு எல்லாம் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்டிகாவிலிருந்து இந்தியாவின் கிழக்கு விளிம்பு பிளக்கத் தொடங்கியது. அந்தப் பிளவுக்குள் வந்த தண்ணீர்தான் எங்கள் ஊர்க் கடல். அப்போது இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டிக்கொண்டிருந்தன, நிலநடுக்கோட்டுக்கு வெகு தெற்கே. ஆப்பிரிக்காவின் தென்கிழக்கு ஓரம், மடகாஸ்கர், இந்தியாவின் கிழக்குக் கரை எல்லாம் ஒரே தெற்குக் கடலின் ஆழமில்லாத ஓரங்கள். லார்வா மிதந்து போகக்கூடிய தூரம். பாக் பக்கம் ஏறி வந்தது வடக்கே இருந்த டெத்திஸ் கடலின் ஒரு கை, வெப்பமான கடல். பிளான்ஃபோர்ட் தேடிய தடுப்பு நிலம் வேறெங்கும் இல்லை, நாம் நிற்கும் இதே நிலம்தான். மடகாஸ்கரோடு சேர்ந்திருந்தபோது இரண்டு கடலுக்கும் நடுவே குறுக்கே படுத்திருந்தது.

மடகாஸ்கர் பிரிந்தது ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். உடுப்பிக்கு எதிரே மால்பே கடலில் செயின்ட் மேரிஸ் தீவுகள் இருக்கின்றனவே, அறுகோணத் தூண்களாக நிற்கும் எரிமலைப் பாறை, அது அந்தப் பிரிவின்போது பொங்கியது. கருடமங்கலத்து நத்தைகளின் காலமும் கிட்டத்தட்ட அதுதான். மேற்கே நிலம் கிழிந்துகொண்டிருந்தபோது, கிழக்கே அமைதியான ஒரு ஆழமில்லாக் கடலில் அப்பாயியின் நத்தை சேற்றில் பாதி புதைந்து உணவு வடிகட்டிக்கொண்டிருந்தது.

பிற்காலத்தில் ஆய்வு நுணுக்கமாக ஆக ஆக ஸ்டோலிச்கா வைத்த பெயர்கள் பல மாறியிருக்கின்றன. ஒரே இனம் என்றது இரண்டு நெருங்கிய இனமாகப் பிரிந்ததும் உண்டு. அடிப்படை உறவு மாறவில்லை. ஆனால் பெயரில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவின் வயோமிங்கில் பழுப்பு நிறத்தில், உள்ளே திருகாணி நத்தைகள் நெருக்கமாக அடைந்த அழகான கல் கிடைக்கிறது. உலகெங்கும் நகைக்கடைகளில் அதை டரிட்டெல்லா அகேட் என்று விற்கிறார்கள். டரிட்டெல்லா கடல் நத்தை. அந்தக் கல்லில் இருப்பதோ எலிமியா என்ற நன்னீர் நத்தை. ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த ஏரியில் வாழ்ந்தது. கடைக்காரர் வைத்த பெயரை நம்பி வரைபடம் போட்டால் ஏரி இருந்த இடத்தில் கடலை வரைந்துவிடுவோம். நேர்மாறாக, ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் தக்காண எரிமலைக் குழம்பின் அடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல்லில் உண்மையான டரிட்டெல்லாக்கள் இருக்கின்றன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் குழம்பு கடலோரம் வரை ஓடி வந்திருக்கிறது என்பதற்கு அவை சாட்சி. அவற்றிலும் என் கழுத்து நத்தையில் இருந்த அதே வட்டத் துளை. அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது, வேட்டைக்காரனை எனக்கு அடையாளம் தெரிந்தது.

கடல் இணைந்ததற்கு மட்டுமில்லை, மூடியதற்கும் நத்தையே கணக்கு வைத்திருக்கிறது. பனாமாவில் நிலம் எழுந்து இரண்டு பெருங்கடல்களையும் பிரித்து ஏறக்குறைய 30 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முந்தைய புதைபடிவங்களில் இரண்டு பக்கமும் ஒரே நத்தைக் குடும்பங்கள். பிறகு ஒவ்வொரு பக்கமும் தன் போக்கில் மாறி, இன்று இரட்டைப் பிள்ளைகள் போல ஒத்த ஜோடிகள் நிலத்தின் இருபுறமும் வாழ்கின்றன.

எனக்குப் பிடித்தது காம்பனைல் என்ற பெருநத்தை. அரை மீட்டருக்கு மேல் வளரக்கூடியது, கோபுரம் போன்றது. ஏறக்குறைய 4.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் இருக்கும் இடம் வெப்பக் கடலாக இருந்தபோது அங்கே அது நிறைய வாழ்ந்தது. அதன் இனத்தார் கரீபியன் பக்கம் ஜமைக்காவிலும், கிழக்கே நம் துணைக்கண்டத்தின் வடமேற்கிலும் கிடைக்கிறார்கள். உலகத்தின் இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் போல வெப்பக் கடல் ஓடியதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. இந்தியா ஆசியாவோடு மோதியது, அரேபியா நெருங்கியது, டெத்திஸ் மூடியது. காம்பனைல் குடும்பத்தில் இன்று உயிரோடு இருப்பது ஒரே ஓர் இனம். தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் கரையில் மட்டும்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது காரையில் நன்றாக இருட்டிவிட்டது. தூரத்தில் சுண்ணாம்புக்கல் லாரிகளின் விளக்குகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அரியலூரைச் சுற்றி இருக்கும் சிமெண்ட் ஆலைகளுக்குப் போகிறவை. அந்த லாரிகளில் இருப்பதும் இந்தக் கடல்தான். அந்த வேலையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளே நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். சுரங்கம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வெட்டும்போது படிவம் தென்பட்டால் கொஞ்சம் நிறுத்தி, ஒரு படம் எடுத்து, எந்த அடுக்கு என்று குறித்து, வாரணவாசி அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொன்னால் போதும் என்று கேட்பேன். எந்த அடுக்கில் கிடந்தது என்ற குறிப்பு இல்லாத நத்தை, முகவரி கிழிந்த கடிதம்.

வீட்டுக்கு வந்து அப்பாயியின் நத்தையை எடுத்துக் காட்டினேன். அதற்கு ஒரு சீட்டு எழுதச் சொன்னேன். கிடைத்த இடம்: கருடமங்கலம். வயது: ஏறக்குறைய 9 கோடி ஆண்டு. எடுத்தவர் என்ற இடத்தில் அப்பாயியின் பெயர். கடல் என்று ஒரு வரி சேர்த்துவிட்டு யோசித்தான்.

"வங்காள விரிகுடான்னு எழுத முடியாதுல்ல, அத்தை? அது அப்ப இந்த மாதிரியே இல்ல."

"இல்ல."

"இந்தியப் பெருங்கடல்?"

"அது அப்பதான் பொறந்து தவழ ஆரம்பிச்சிருந்துச்சு."

'இந்தியப் பெருங்கடல், சின்னப் பிள்ளையா இருந்தப்ப' என்று எழுதினான். நான் திருத்தவில்லை. பிறகு நத்தையைத் தலைகீழாகப் பிடித்து, உடைந்த நுனியை விரலால் தடவிப் பார்த்தான். நுனி உடையாத ஒன்றை எங்கே பார்க்கலாம் என்று கேட்டான். ஐப்பசி மழை கருடமங்கலத்து வரப்புகளைக் கழுவி விடட்டும், போய்ப் பார்க்கலாம், எடுக்காமல் அங்கேயே வைத்துப் பார்க்கலாம் என்றேன்.

தீபாவளி லீவுக்கு வருவதாக நேற்று போனில் சொன்னான். பத்து மடங்கு லென்ஸைத் துடைத்து, அந்தச் சீட்டின் மேலேயே வைத்திருக்கிறேன்.